அதட்டும் முன் ஒரு வாரம் கவனியுங்கள்: வீட்டுக்கு உதவும் நடத்தைப் பகுப்பாய்வு

நாலு வயதுப் பெண் குழந்தை. போன் இல்லாமல் ஒரு வாய் சோறு உள்ளே போகாது. "எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கவே மாட்டேங்குது" என்பார் அம்மா. "எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்பார் அப்பா. பாட்டியோ புள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போடுவார். மூன்று பேரும் பேசுவது குழந்தையின் குணத்தைப் பற்றி. அந்தப் போன் யார் கையிலிருந்து, எதற்கு அடுத்து, குழந்தையின் கைக்குப் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நடத்தைப் பகுப்பாய்வு அங்கேதான் தொடங்குகிறது.

இதன் அடிப்படை எளிமையானது. ஒரு செயலைச் செய்தவுடன் என்ன கிடைக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செயல் அடுத்த முறை கூடும், அல்லது குறையும். தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை வெளியே வரக் கற்றுக்கொள்வதை அளந்து இதைச் சொன்னார். பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து 1930-களிலிருந்து அதை விரிவாக ஆராய்ந்தார். 1960-களில் கான்சாஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் அதை மழலையர் பள்ளிக்கும் வீட்டுக்கும் கொண்டுவந்தார்கள். செயலைக் கூட்டும் பின்விளைவுக்கு 'வலுவூட்டல்' என்று பெயர். இந்தக் கட்டுரைக்கு இந்த ஒரு சொல் போதும்.

பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. குழந்தைக்கு வலுவூட்டல் எது என்பதைக் குழந்தைதான் தீர்மானிக்கிறது. நாம் திட்டுவதாக நினைத்துக்கொண்டு முழுக் கவனத்தையும் கொடுத்திருப்போம். நாள் முழுக்க வேலையில் இருக்கும் அம்மா திரும்பிப் பார்க்கும் ஒரே நேரம் அந்தத் திட்டு நேரம் என்றால், குழந்தை அதைத் தேடித்தான் வரும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எதையும் தொடங்கும் முன் இது. சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கலாம், வாயில் புண் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதில் கோளாறு இருக்கலாம். போர்டைப் பார்த்து எழுதாத பையனுக்குக் கண்ணாடி தேவைப்படலாம். எடை குறைந்திருந்தாலோ, பழக்கம் திடீரென்று மாறியிருந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். தூக்கம் போதாத குழந்தையிடம் எந்த முறையும் எடுபடாது.

படி 1: எண்ணக்கூடிய செயலாகச் சொல்லுங்கள்

"பிடிவாதம்", "சோம்பேறித்தனம்", "மரியாதை இல்லை" இவை எல்லாம் தீர்ப்புகள். தீர்ப்பை மாற்ற முடியாது, செயலைத்தான் மாற்ற முடியும். "தட்டு வைத்ததும் போன் கேட்டு அழுகிறாள்", "ஹோம்வொர்க் நோட்டை எடுக்கச் சொன்னால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான்" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தாலும் அதே எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குத் தெளிவு இருந்தால் போதும். ஒரு நேரத்தில் ஒரு செயல் மட்டும். பத்துக் குறையைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பவர்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுவார்கள்.

படி 2: ஒரு வாரம் நோட்டு

இந்த வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல் இருங்கள், எழுத மட்டும் செய்யுங்கள். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. இந்த மூன்றும்தான். நாம் சொன்ன அந்த வீட்டின் நோட்டு இப்படி இருக்கும்:

திங்கள், காலை 7.50. தட்டில் இரண்டு இட்லி. வேன் வர 25 நிமிடம். "போன்" என்றாள், வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அழுதாள். அத்தை, "போனாப் போகுது, குடும்மா, வெறும் வயித்தோட போகும்" என்றார். கொடுத்தேன். இரண்டு இட்லியும் உள்ளே போனது.

செவ்வாய், இரவு 8.15. ரசம் சாதம். அவரும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு முறை போன் கேட்டாள். ஸ்கூலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று அவர் கேட்டார். பேசிக்கொண்டே பாதிச் சாதம் சாப்பிட்டாள்.

புதன், காலை 7.45. ஏழேகால் மணிக்கே பாலும் நாலு பிஸ்கட்டும் ஆகிவிட்டது. தோசையைத் தள்ளினாள். அழத் தொடங்குமுன் நானே போனை எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று நாள் குறிப்பிலேயே எவ்வளவு தெரிகிறது பாருங்கள். காலையில் பசி இல்லாத நேரத்தில் தட்டு வருகிறது. வேன் நெருக்கடி அம்மாவை விரட்டுகிறது. அழுகைக்குப் பிறகுதான் போன் வருகிறது, புதன்கிழமை அழுகைக்கு முன்பே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அப்பா கூட உட்கார்ந்ததும் போனின் தேவை பாதியாகிவிட்டது. அந்தச் செவ்வாய் இரவுதான் இந்த வீட்டுக்கான விடை, அதை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எழுதாமல் இருந்தால் அது மறந்தே போயிருக்கும். நினைவில் தங்குவது சண்டை நடந்த நாட்கள் மட்டும்தான்.

படி 3: அந்தச் செயலால் என்ன கிடைக்கிறது?

பெரும்பாலும் நான்கில் ஒன்று: பிறர் கவனம், கேட்ட பொருள், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிப்பது, இல்லையென்றால் செய்வதிலேயே கிடைக்கும் உடல் சுகம் (விரல் சூப்புவது, ஆடிக்கொண்டே இருப்பது போல). வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் அழுகைக்கு வெவ்வேறு காரணம் இருக்கும். கடையில் அழும் குழந்தை பொம்மைக்காக அழலாம், கூட்டத்தின் சத்தம் தாங்காமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் அழலாம். முதல் குழந்தையைக் கடையை விட்டு வெளியே தூக்கிப்போனால் அழுகைக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது குழந்தைக்கு அதுவே பரிசு.

பெரியவருக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். போன் கொடுத்ததும் வீடு அமைதியாகிறது, தட்டு காலியாகிறது. அம்மாவின் செயலுக்கும் வலுவூட்டல் கிடைத்துவிட்டது. இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்வதை அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பதிவு செய்தார். இதில் யார் மீதும் குற்றம் இல்லை. நெருக்கடியில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதனால்தான் மாற்றத்தை நெருக்கடி நேரத்தில் தொடங்கக் கூடாது. இந்த வீட்டில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டில் தொடங்குவது நல்லது.

படி 4: அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும்?

"அழாதே" என்பது செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை. அதே பயனைத் தரும் வேறொரு செயலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்ற இருவர் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் வகுப்பில் முரண்டு பிடித்தார்கள். பாடம் கடினம் என்பதால் முரண்டு பிடித்தவர்களுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள், சொன்னதும் உதவி கிடைத்தது. கவனத்துக்காகச் செய்தவர்களுக்கு "நான் நல்லா செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள், கேட்டதும் பாராட்டு கிடைத்தது. முரண்டு குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. படி 3-ஐத் தாண்டி ஓடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம் வீட்டுக் குழந்தைக்கு? "போதும்மா", "கொஞ்சமா வை", "கதை சொல்லு" என்று கேட்கப் பழக்கலாம். கேட்டவுடன் கிடைக்க வேண்டும். "போதும்" என்று சொன்ன பிறகும் இன்னும் நாலு வாய் ஊட்டினால், வாயைத் திறந்து சொல்வதால் பயனில்லை, அழுதால்தான் நடக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்தது ஆகிவிடும்.

படி 5: சிறிதாகத் தொடங்குங்கள், உடனே கொடுங்கள்

1964-ல் வெளியான ஒரு ஆய்வு. மூன்றரை வயதுப் பையன், கண்புரைக்காக அறுவை செய்து கண்ணின் லென்ஸை எடுத்திருந்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ கண்ணாடியைக் கிட்டேயே சேர்க்கவில்லை. மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் மூவரும் முதலில் கண்ணாடியே இல்லாத வெறும் ஃபிரேம்களை அறையில் போட்டுவைத்தார்கள். அதை எடுத்தால் ஒரு துண்டு மிட்டாயோ பழமோ. அப்புறம் கையில் வைத்திருந்தால். அப்புறம் கண்ணருகே கொண்டுபோனால். இப்படியே நகர்ந்து, அவன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும்போது நாளுக்கு 12 மணி நேரம் கண்ணாடி போட்டிருந்தான்.

வீட்டில் நாம் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். முழுச் சாப்பாட்டையும் போன் இல்லாமல் சாப்பிட்டால்தான் பாராட்டு, முழுப் பக்கமும் எழுதினால்தான் விளையாட்டு. அந்த இடத்துக்குக் குழந்தை வந்து சேர்வதே இல்லை. இன்று குழந்தையால் எவ்வளவு முடிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். இரவு தட்டில் வழக்கத்தில் பாதி மட்டும் வையுங்கள். எல்லோர் போனும் வேறு அறையில். அப்பா அல்லது பாட்டி கூட உட்கார்ந்து பேசட்டும். முதல் மூன்று வாய் தானாகச் சாப்பிட்டதுமே, "அட, நீயே பிசைஞ்சு சாப்பிடுறியே!" இவ்வளவு போதும். "குட் கேர்ள்" என்பதைவிட என்ன செய்தாள் என்று சொல்லிப் பாராட்டுவது நல்லது. அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது.

'உடனே' என்பதை விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தருவதாகச் சொல்லும் பொம்மை செவ்வாய்க்கிழமைச் சோற்றுக்கு வேலை செய்யாது, அதுவும் நாலு வயதில்.

பரிசுக்கும் லஞ்சத்துக்கும் இங்கே ஒரு வேறுபாடு. "அழுகையை நிறுத்தினா சாக்லேட்" என்று அழுகை நடுவில் பேரம் பேசினால், சாக்லேட்டுக்கு வழி அழுகைதான் என்று ஆகிவிடும். முன்பே தெரிந்த ஒழுங்கு வேறு: "முதல்ல பல் தேய்ப்போம், அப்புறம் கதை." விருப்பமான செயலைப் பின்னால் வைத்து, விருப்பமில்லாததை முன்னால் வைக்கும் இந்த முறையை டேவிட் பிரிமாக் 1959-ல் விதியாக எழுதினார். நம் பாட்டிகள் எப்போதும் செய்து வந்ததுதான்.

பொருள் பரிசில் ஒரு எச்சரிக்கை. ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அவர்கள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். 1973-ல் வெளியான முடிவு. குழந்தை தானே விரும்பிச் செய்வதற்கு ஸ்டார் ஒட்டாதீர்கள். தொடங்கவே முடியாத வேலைக்கு மட்டும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஒட்டுங்கள்.

படி 6: பழைய வழியை மூடுவது

மிகவும் தடுமாறும் படி இதுதான். இதுவரை அழுகைக்குக் கிடைத்தது இனிக் கிடைக்காது என்றதும் அழுகை முதலில் கூடும். கத்தல், உதைத்தல், தட்டைத் தள்ளிவிடுதல் எல்லாம் வரும். முறை தோற்றுவிட்டது என்று அந்த நேரத்தில்தான் கையை விரித்துவிடுகிறோம். அப்போது கொடுத்தால், பெரிய அழுகைக்குத்தான் பலன் என்று ஆகிவிடும். சில நாள் கொடுத்து சில நாள் மறுப்பது அதைவிடச் சிக்கல். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை நீண்ட நாள் பிடித்துவைக்கிறது என்று ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-ல் ஒரு தடித்த நூலே எழுதியிருக்கிறார்கள்.

1959-ல் வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட குறிப்பு கூட்டுக்குடும்பத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். 21 மாதக் குழந்தை, நெடுநாள் நோயுற்றுத் தேறியவன். தூங்கும்வரை பெற்றோரோ அத்தையோ அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் அலறல். மருத்துவர் உடம்பில் கோளாறில்லை என்று சொன்ன பிறகு, படுக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதான். பத்தாவது முறைக்குள் சிணுங்கல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து அத்தை படுக்கவைத்த இரவில் கொஞ்சம் அழுதான், அத்தை மனம் இளகித் திரும்பிப்போய்த் தூங்கும்வரை உட்கார்ந்தார். அவ்வளவுதான், எல்லாம் முதலிலிருந்து.

(அந்த முறையை அப்படியே இன்று செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. நம் வீடுகளில் குழந்தை பெரியவரோடு படுப்பது வழக்கம், அதில் தவறேதும் இல்லை. அத்தையின் ஒரு இரவு என்ன செய்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.)

ஆகவே பாட்டியிடம் முதலில் பேசுங்கள். குழந்தை தூங்கிய பிறகு, நோட்டைக் காட்டி. "நீங்கதான் கெடுக்கிறீங்க" என்று தொடங்கினால் அதோடு முடிந்தது. "அத்தை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் போன் வேண்டாம்னு பாக்கிறோம். நீங்க பக்கத்துல உக்காந்து கதை சொன்னா சாப்பிட்டுருவா" என்று கேட்டால், எந்தப் பாட்டியும் மறுக்க மாட்டார். கொடுக்காதே என்று அவர் கையைக் கட்டுவதைவிட, அவருக்கு ஒரு வேலை கொடுப்பது மேல்.

குழந்தை அழும்போது பக்கத்திலேயே இருங்கள். தூக்கிக்கொள்ளலாம், "போன் வேணும்னு இருக்கு, இல்லையா?" என்று சொல்லலாம். போன் மட்டும் வராது. குழந்தையைக் கைவிடுவதில்லை, அழுகைக்குப் போன் கிடைக்கும் என்ற ஏற்பாட்டைத்தான் கைவிடுகிறோம். இருபது நிமிடம் கழித்துச் சாப்பிடாவிட்டால் திட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். இடையில் பிஸ்கட் வேண்டாம், அடுத்த வேளைச் சாப்பாடு அதன் நேரத்துக்கு. தலையை முட்டிக்கொள்வது, தன்னையே கடித்துக்கொள்வது போன்றவை இருந்தால் இந்தப் படியை வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது.

நோட்டைத் தொடருங்கள். அழுத நிமிடங்களைக் குறித்தால் மூன்றாம் வாரத்தில் எண்கள் பேசும். குறையவே இல்லை என்றால் குழந்தையைக் குறை சொல்லாமல் படி 3-க்குத் திரும்புங்கள், காரணத்தைத் தவறாக ஊகித்திருப்போம்.

அடித்தால் திருந்தாதா?

அடித்தவுடன் நின்றுவிடும். அதனால்தான் அடிப்பவர் கை மறுபடி ஓங்குகிறது. ஆனால் அடி, என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதில்லை. அடிப்பவர் இல்லாத இடத்தில் செயல் திரும்ப வரும், கூடவே பொய்யும் ஒளிவும் சேரும். பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டுக்குள்ளும் அதுவே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம்.

படிப்புக்கு

1953 நவம்பரில் ஸ்கின்னர் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது, போட்ட கணக்கு சரியா தவறா என்று உடனே தெரியவில்லை. அன்று தொடங்கிய யோசனைதான் அவரது கற்பிக்கும் இயந்திரம்: சிறு சிறு கேள்வி, உடனே விடை, அவரவர் வேகம். அதற்கு இயந்திரம் தேவையில்லை. இருபது கணக்கை முடித்துத் திருத்துவதற்குப் பதில், இரண்டிரண்டாகப் பார்த்து டிக் போடுங்கள். வாய்ப்பாட்டை முழுதாக ஒப்பிக்கச் சொல்லாமல், தடுமாறும் மூன்று வரிகளை மட்டும் அட்டையில் எழுதிப் பழக்குங்கள். நோட்டை எடுக்கவே அடம் பிடித்தால், பாடம் அவன் நிலைக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகுப்புக் கீழே இறங்கித் தொடங்கினாலும் வெட்கம் இல்லை.

நமக்கே

பெரியவர்களுக்கும் இதே விதிதான். நடைப்பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் இரவே ஷூவை வாசலில் வையுங்கள். முதல் வாரம் தெருமுனை வரை போனால் போதும். போய் வந்த பிறகுதான் காபி. போனை அளவுக்கு மீறிப் பார்க்கிறீர்கள் என்றால், படுக்கும்போது அடுத்த அறையில் சார்ஜில் போடுங்கள். மன உறுதியை நம்புவதைவிடச் சூழலை மாற்றுவது சுலபம். ஸ்கின்னர் தம் எழுத்து மேசை விளக்கைப் போட்டால் ஓடும்படி ஒரு கடிகாரத்தை இணைத்து, எழுதிய நேரத்தை வரைபடத்தில் குறித்துவந்தார்.

நிபுணரிடம் போகும்போது

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, பேசிய சொற்கள் மறைவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பகுப்பாய்வு அடிப்படையில் பயிற்சி தரும் மையங்கள் பல இருக்கின்றன. இந்தத் துறையின் தொடக்க காலத்தில் மின் அதிர்ச்சி வரை பயன்படுத்தினார்கள், குழந்தையை 'சாதாரணமாகத் தோன்ற' வைப்பதே குறிக்கோளாக இருந்தது. அப்படி வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் தங்கள் வேதனையை இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அதைக் கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அதனால் மையத்தில் சேர்க்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள், அது என் குழந்தைக்கு எதற்குப் பயன்படும்? தன் தேவையைச் சொல்லக் கற்றுக்கொடுப்பீர்களா? யாருக்கும் தொல்லை தராத கையசைவை எதற்காக நிறுத்த வேண்டும்? குழந்தை வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வீர்கள்? பயிற்சி நடக்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்குக் கூடாது என்று பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள்.